வாய்க்காலும் வகுப்பறையும்

ஜேடர்பாளையம் படுகையணையில் தேங்கும் காவிரி நீர் தானாக வயலை அடைவதில்லை. அல்லாள இளைய நாயக்கர் வெட்டுவித்த ராஜா வாய்க்கால்தான் அதைப் பரமத்தி வேலூர்ப் பக்கம் கொண்டு சேர்க்கிறது. தமிழ் வகுப்பறைக்குக் கணிப்பொறி வந்த வரலாறும் இத்தகையதே.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இணையத்தில் இலவசமாக வைத்தனர். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையடுத்துத் தமிழ்99 விசைப்பலகை வந்தது; 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் எழுந்தது. ஆயினும் ஒரு கணிப்பொறியில் எழுதிய தமிழ் மற்றொன்றில் வெறும் குறிகளாய்ச் சிதறிய காலம் அது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. 2011இல் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வரத் தொடங்கியது.

அணை நிரம்பிற்று. நானோ மதிப்பெண் பட்டியல் தயாரிக்க மட்டுமே கணிப்பொறியைத் தொட்டுவந்தேன்.

ஒருநாள் மாணவி ஒருத்தி மின்னூலொன்றில் ‘நீர்’ என்று தேடினாள். ‘வெந்நீர்’ அகப்பட்டது, ‘தண்ணீர்’ அகப்படவில்லை. "ஏன் ஐயா?" என்றாள். தண்மை, நீரோடு புணர்கையில் நகரம் ணகரமாகத் திரிவதைக் கரும்பலகையில் எழுதினேன். ஆண்டுதோறும் உறங்கிய வகுப்பு அன்று விழித்திருந்தது.

கருவி விடை தரும். அது தவறவிட்டதைக் காட்ட ஆசிரியர் வேண்டும். அந்த வாய்க்காலை வெட்ட நான்தான் தாமதித்துவிட்டேன்.