பிலே தீவின் தேவி

எகிப்து என்றவுடன் நம் மனக்கண்முன் பிரமிடுகளே வந்து நிற்கின்றன. அவற்றைக் கட்டிய மன்னர்களுள் இரண்டொருவர் பெயரையேனும் நாம் பள்ளியில் படித்திருப்போம். ஆனால் அம்மன்னர்கள் தொழுத தெய்வங்களைப் பற்றி நாம் அறிந்தது மிகக் குறைவு. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பெருநாட்டு மக்கள் போற்றிய அத்தெய்வங்கள் எவ்வாறு வாழ்ந்தன, எவ்வாறு மறைந்தன என்பதை ஒரு சிறு தீவில் நின்று நோக்கினால் தெளிவாக உணரலாம். நைல் நதியில், அஸ்வான் நகருக்குத் தெற்கே, எகிப்தின் பழைய எல்லையில் அமைந்திருந்த பிலே என்பதே அத்தீவு.

எகிப்தியர் வணங்கிய தெய்வங்கள் பல நூறு. கதிரவனை ரா என்றனர். தீப்ஸ் நகரத்து ஆமன், ராவோடு ஒன்றாகித் தெய்வங்களுக்கெல்லாம் அரசனானான். எழுத்துக்கும் கணக்குக்கும் உரியவன் தோத். அவனுக்கு அரிவாள்மூக்கன் பறவையின் தலை. இறந்தோர் உடலைக் காப்பவன் அனுபிஸ், அவனுக்கு நரித்தலை. இவ்வடிவங்களைக் கண்டு கிரேக்கரும் ரோமரும் நகைத்ததுண்டு. எகிப்தியருக்கோ அத்தலை, தெய்வத்தின் இயல்பைக் கண்டவுடன் உணர்த்தும் ஓர் அடையாளம்.

இத்தெய்வங்களுள் மக்கள் நெஞ்சில் நெடுங்காலம் நிலைத்தவள் ஐசிஸ் தேவி. அவள் கணவன் ஒசைரிஸ் நல்லரசனாக நாட்டை ஆண்டான். உடன்பிறந்த சேத் பொறாமையால் அவனைக் கொன்று, உடலைத் துண்டு துண்டாக்கி நாடெங்கும் எறிந்தான். அத்துண்டுகள் பதினான்கு என்பார் கிரேக்க ஆசிரியர் புளூடார்க். ஐசிஸ் தன் தங்கை நெப்தீஸோடு அலைந்து திரிந்து அவற்றைத் தேடிச் சேர்த்தாள். தன் மந்திர ஆற்றலால் கணவனுக்கு உயிரூட்டினாள். அவர்களுக்குப் பிறந்த மகன் ஹோரஸை நாணற் சதுப்பில் மறைத்து வளர்த்தாள். அவன் வளர்ந்து, சேத்தை வென்று அரியணை ஏறினான். ஒசைரிஸ் மறுவுலகின் அரசனானான். ஆகவே உயிரோடிருக்கும் மன்னனை ஹோரஸ் என்றும், மாண்ட மன்னனை ஒசைரிஸ் என்றும் எகிப்தியர் கருதினர். காலப்போக்கில் எளிய குடிமகனும் இறந்தபின் ஒசைரிஸோடு ஒன்றாவான் என்ற நம்பிக்கை பரவிற்று. கணவனை இழந்தும் தளராத ஐசிஸ், துயருற்றோர் அனைவருக்கும் தாயானாள்.

எகிப்தியர் சமயத்தில் பெயருக்கு இருந்த பெருமையை நாம் இங்கே கருதவேண்டும். பெயர் அவர்களுக்கு வெறும் அழைப்பொலியன்று. உயிரின் ஒரு கூறு. முதுமையுற்ற ராவின் வாயிலிருந்து சிந்திய நீரை மண்ணோடு பிசைந்து ஐசிஸ் ஒரு பாம்பைச் செய்தாள் என்றும், அது தீண்டி அவன் துடித்தபோது, அவனுடைய மறைபெயரைச் சொன்னால்தான் நஞ்சை இறக்குவேன் என்றாள் என்றும் ஒரு பழங்கதை கூறும். பெயரை அறிந்தவர் ஆற்றலை அடைந்தார்; பெயரை அழித்தவர் உயிரையே அழித்தார். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் கதிர்வட்டமாகிய ஆத்தன் ஒன்றையே வணங்கிய மன்னன் ஆக்நாத்தன், கோயிற் சுவர்களில் ஆமனின் பெயரை உளியால் செதுக்கி எடுக்கச் செய்தான். அவன் மறைந்தபின் அவன் பெயருக்கும் அதே கதி நேர்ந்தது.

பிலேயில் ஐசிஸின் பெருங்கோயிலைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் இரண்டாம் தாலமி என்னும் கிரேக்க வழி மன்னன் எழுப்பலானான். எதிரேயுள்ள பிகா தீவில் ஒசைரிஸ் துயில்கிறான் என்பது மக்கள் நம்பிக்கை. பத்து நாட்களுக்கு ஒருமுறை தேவியின் திருவுருவைப் படகில் ஏற்றி அங்கே கொண்டு செல்வர். கணவன் கல்லறையில் பால் வார்ப்பர்.

கி.பி. 391, 392ஆம் ஆண்டுகளில் ரோமப் பேரரசன் தியோடோசியஸ் பழஞ்சமய வழிபாட்டைத் தடுத்து ஆணைகள் பிறப்பித்தான். பிலே கோயில் மட்டும் பின்னும் நிலைத்தது. தெற்கேயிருந்த நூபிய மக்களும் பிளெம்மியரும் தேவியின் பெரும்பக்தர்கள். அவர்களோடு பகை வேண்டாமென்று ரோம அரசு அஞ்சியது. தேவியின் திருவுருவைத் தம் நாட்டுக்கு எழுந்தருளச் செய்து திரும்பக் கொணரும் உரிமையை அவர்கள் ஓர் உடன்படிக்கையாலேயே பெற்றிருந்தனர்.

394 ஆகஸ்டு 24ஆம் நாள், எஸ்மெத்-ஆகோம் என்னும் பூசகர் அக்கோயில் வாயிற்சுவரில் ஒரு தெய்வ உருவைப் பொறித்து, தம் பெயரையும் தந்தை பெயரையும் சித்திர எழுத்தில் செதுக்கினார். அது என்றென்றும் நிலைக்குமெனவும் குறித்தார். இன்று நமக்குக் கிடைத்துள்ள சித்திர எழுத்துக் கல்வெட்டுகளில் காலத்தால் கடைசியானது அதுவே. கி.பி. 535-க்குப் பின் ஜஸ்டினியன் ஆணையால் கோயில் மூடப்பட்டது, பூசகர் சிறைப்பட்டனர், திருவுருவங்கள் கான்ஸ்டாண்டிநோபிள் சென்றன. தேவியின் மண்டபம் கிறித்தவத் தேவாலயமாயிற்று.

அதன்பின் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அத்தெய்வங்கள் ஊமையாயின. சுவரெங்கும் பெயர்கள் இருந்தன; படிப்பார் ஒருவரும் இல்லை. அம்மௌனம் கலைவதற்கும் பிலே துணைநின்றது. 1799இல் கிடைத்த ரொசெட்டாக் கல்லில் தாலமியின் பெயர் இருந்தது. பிலேயிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற ஒரு கற்றூணில் கிளியோபாத்ராவின் பெயர் இருந்தது. இரு பெயர்களையும் ஒப்பிட்டு எழுத்தெழுத்தாக அறிந்த பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன், 1822இல் தம் கண்டுபிடிப்பை உலகுக்கு அறிவித்தார்.

எழுத்தை ஒலித்தால் போதுமா? பொருள் விளங்க வேண்டாமா? அதற்குக் கைகொடுத்தது காப்டிக் மொழி. அது பண்டை எகிப்திய மொழியின் கடைசி வடிவம். கிரேக்க எழுத்தில் எழுதப்பட்டு, எகிப்தியக் கிறித்தவர்களின் வழிபாட்டில் உயிர்பிழைத்திருந்தது. பழைய கோயில்களைத் தனதாக்கிக்கொண்ட சமயமே, அக்கோயிற் சுவர்களைப் படிப்பதற்குரிய சொற்களைத் தன் வேண்டுதல்களில் காத்துவைத்தது! வரலாற்றின் விந்தைகளுள் இதுவும் ஒன்று. ஐசிஸ் என்பது கிரேக்கர் வழங்கிய வடிவம். உயிரெழுத்துகளை எழுதாத பண்டை எழுத்தில் மறைந்துகிடந்த அப்பெயர், காப்டிக் மொழியில் 'ஏசே' என ஒலித்தது.

அத்தெய்வங்கள் கோயில்களில் வீற்றிருந்த காலத்தில் நம்மவரும் அந்நாட்டுக் கரையில் வாழ்ந்தனர். செங்கடலோரத்துக் குசைர் அல்-கதீம் என்னும் பழந்துறையில், கண்ணன், சாத்தன் என்னும் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் கீறப்பட்ட பானையோடுகள் கிடைத்துள்ளன. பெரனிகே என்னும் மற்றொரு துறையில், செராபிஸ் என்னும் எகிப்தியத் தெய்வத்தின் கோயில் முற்றத்தில், இந்தியத் தாழி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு இருந்தது. கடல் கடந்து சென்றவர் தம் பெயரைத் தம் எழுத்திலேயே எழுதி வைத்தனர். அவ்வெழுத்தையும் நாம் இடையில் மறந்தோம்; பின்வந்த அறிஞரே அதை மீட்டுப் படித்தனர். ஆனால் அப்பெயர்களை நாம் ஒருநாளும் மறந்ததில்லை. இன்றும் நம்மிடையே கண்ணன்மார் பலர் உளர்.

அஸ்வான் பேரணையால் நூபியாவின் தொன்மைச் சின்னங்கள் நீரில் மூழ்கும் நிலை வந்தபோது, 1960இல் யுனெஸ்கோ உலக நாடுகளை உதவிக்கு அழைத்தது. நம் நாட்டுத் தொல்பொருள் அறிஞர் குழுவொன்றும் பி. பி. லால் தலைமையில் அங்கே சென்று அகழாய்வு செய்தது. பிலே கோயிலைக் கல் கல்லாகப் பெயர்த்து, அருகிலிருந்த அகில்கியா தீவில் மீண்டும் கட்டினர்; 1980இல் அப்பணி நிறைவுற்றது. எஸ்மெத்-ஆகோமின் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. தேவிக்குப் பால் வார்ப்பார் இன்று இல்லை. அவள் பெயரைப் படிப்பார் உளர். பெயர் வாழும்வரை உயிர் வாழும் என்று நம்பிய அந்தப் பூசகருக்கு இதுவும் ஓர் ஆறுதலே.