தண்டனையாகப் பிறந்த மூன்று சொற்கள்

1876இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு ஜெர்மனியின் சார்பில் போயிருந்தார் ஃபிரான்ஸ் ரூலோ என்ற பொறியியல் பேராசிரியர். சொந்த நாட்டுச் சரக்கைப் பற்றி அவர் ஊருக்கு எழுதிய கடிதத்தில் இரண்டே குணங்களைச் சொன்னார்: மலிவு, மட்டம். ஜெர்மனி கொதித்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துக் கத்திப் பட்டறைக்காரர்களுக்கோ அது பழைய சங்கதி. ஜெர்மனியின் சோலிங்கனில் வார்ப்பிரும்பில் செய்த கத்திகள் 'ஷெஃபீல்ட்' முத்திரையோடு சந்தைக்கு வந்து அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தன.

1887 ஆகஸ்டில் பிரிட்டன் ஒரு சட்டம் போட்டது. பிரிட்டிஷ் சரக்கு என்று மயக்கும் குறியோடு வரும் அயல்நாட்டுப் பொருளில், அது பிறந்த நாட்டின் பெயரும் இருந்தே தீர வேண்டும். 'மேட் இன் ஜெர்மனி' என்ற மூன்று சொற்களைப் பார்த்ததும் வாங்குபவர் கையை இழுத்துக்கொள்வார் என்பதுதான் கணக்கு. கணக்கு தப்பியது.

ஜெர்மன் தொழிற்சாலைகள் அதற்குள் தரத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தன. 1896இல் எர்னஸ்ட் வில்லியம்ஸ் என்பவர் அந்த மூன்று சொற்களையே தலைப்பாக வைத்து லண்டனில் ஒரு புத்தகம் போட்டார். பிரிட்டிஷ் வீடுகளில் பொம்மை முதல் பியானோ வரை ஜெர்மன் சரக்கு நிறைந்துவிட்டது என்ற அபாயச் சங்கு அது. அதே ஆண்டு, பல்லாயிரம் மைலுக்கு அப்பால் மலாக்காவில் வேறொரு கதை முளைவிட்டது.

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்ற சீன வணிகர் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் அதுதான். அடுத்துப் புக்கிட் அசஹானில் காடு அழிந்து பால்மரம் எழுந்தது. மலாயாவெங்கும் தோட்டங்கள் பெருகப் பெருக, கப்பல் கப்பலாகத் தமிழர்கள் வந்து இறங்கினார்கள். பால்மரம் சீவியது அவர்கள் கை. அவர்களுடைய பெயரைச் செக்ரோல் என்ற ஆள்கணக்கில் எழுதியது கிராணி என்ற எழுத்தரின் கை. ஆபீஸ் மேசையில் டைப்ரைட்டர் வந்து உட்கார்ந்தபோது, காகிதத்தைத் தாங்கிய உருளையில் சுற்றியிருந்ததும் ரப்பர்தான். ஆனால் முனியம்மாவும் ராமசாமியும் அந்த இயந்திரத்தில் ஆங்கில எழுத்தாகத்தான் விழ முடிந்தது.

இந்தக் குறை உறுத்தியது ஆர். முத்தையாவை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் பிழைக்க வந்தவர். தமிழில் 247 எழுத்து; இயந்திரத்திலோ நாற்பத்துச் சொச்சம் விசைகள். ஒரு விசைக்கு இரண்டு எழுத்து என்று வைத்தாலும் நூறைத் தொடாது. எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒட்டவைக்கலாம்தான். ஆனால் 'க'வை அடித்ததும் உருளை ஓரிடம் நகர்ந்துவிடுகிறது. பிறகு அதன் தலையில் புள்ளி வைப்பது எப்படி?

வரிசையையே புரட்டினார் முத்தையா. புள்ளிக்கு நகரா விசை ஒன்றை வைத்தார். அதைத் தட்டினால் காகிதத்தில் புள்ளி விழும், உருளை அசையாது. அடுத்து 'க'வைத் தட்டினால் புள்ளிக்குக் கீழே போய் உட்காரும். கையால் எழுதுகிறவர் கடைசியில் வைக்கும் புள்ளி இயந்திரத்தில் முதலில் விழுந்தது. இத்தனை அழகான தீர்வு எப்போது நினைத்தாலும் மனதை நிறைக்கிறது. இனி அதை எஃகில் வடிக்க ஓர் ஆலை வேண்டும். அது கிடைத்த ஊர் ட்ரெஸ்டன்.

ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் சைடல் அண்ட் நௌமன் ஆலை. தையல் இயந்திரத்தில் தொடங்கி, 'ஐடியல்', 'எரிகா' டைப்ரைட்டர்களால் பேர்பெற்றது. 'மேட் இன் ஜெர்மனி' முத்திரையோடு தமிழ் அங்கிருந்து கப்பலேறியது. பிறகு போர் வந்தது. 1945 பிப்ரவரியில் ட்ரெஸ்டன் மீது குண்டு மழை. நகரமே சாம்பல்.

ஜெர்மனி இரண்டானது, முத்திரையும் உடைந்தது. ட்ரெஸ்டன் கிழக்கில் மாட்டிக்கொண்டது. அங்கே எரிகா தொடர்ந்து பிறந்தாலும், கடைக்காரர்கள் 'வெஸ்ட் ஜெர்மனி' என்று அழுத்திச் சொல்லி விற்றது மேற்கின் சரக்கைத்தான். அந்த மேற்கில் பவேரியாவின் சிற்றூரான அவெர்பாக்குக்கு ஓர் அயலூர்க் கம்பெனி வந்து சேர்ந்தது.

1953இல் வால்டர் செர்ரி தொடங்கிய அந்த நிறுவனம் பிறந்தது அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில். அவெர்பாக்கில் வேர்விட்ட அது, 1983 வாக்கில் கீபோர்டு விசைக்கான ஒரு சின்ன சுவிட்சை வெளியிட்டது: உள்ளே ஒரு சுருள்வில், மேலே கூட்டல்குறி வடிவில் ஒரு தண்டு. பெயர் செர்ரி எம்எக்ஸ். இன்று மலாக்காவிலும் இளைஞர்கள் தேடி வாங்கும் மெக்கானிக்கல் கீபோர்டின் உயிர்நாடி அதுதான். அமெரிக்கப் பிள்ளை, ஜெர்மன் பெருமையாகவே வளர்ந்தது.

காப்புரிமைக் காலம் முடிந்ததும் சீனாவின் கேட்டரான், கைல் போன்ற கம்பெனிகள் அதே வடிவில் சுவிட்சு செய்யத் தொடங்கின. ஷெஃபீல்ட் பட்டறைக்காரர்கள் சோலிங்கன் மீது சொன்ன அதே புகார்தான் முதலில் எழுந்தது: மலிவு, நகல். பிறகு அழுத்திப் பார்த்தவர்களில் பலர், கேட்டரான் வழவழவென்று இறங்குகிறது என்று அதையே கேட்டு வாங்கினார்கள். கூட்டல்குறித் தண்டு இரண்டிலும் ஒன்றுதான். ஜெர்மன் சுவிட்சிலிருந்து கழற்றிய எழுத்துத் தொப்பி, சீன சுவிட்சின் மேல் கச்சிதமாக உட்காருகிறது.