மைக்ரோகோடு வரிசையாக்கம்

கணினிச் செயலியின் கட்டுப்பாட்டுப் பகுதி, ஒவ்வொரு கட்டளையையும் நுண்படிகளாகப் பிரித்து, எந்தப் படிக்குப் பின் எது என்று தீர்மானித்து நடத்தும் முறை மைக்ரோகோடு வரிசையாக்கம் எனப்படும். நிரல் எழுதுபவர் ‘பெருக்கு’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார். செயலிக்கு அது ஒரே அசைவில் முடிகிற வேலை அல்ல. பதிவகம் என்ற சிறு சேமிப்பிடத்திலுள்ள எண்ணை, பகுதிகளை இணைக்கும் பாட்டையில் விட வேண்டும், கணக்கிடும் பகுதியிடம் கூட்டச் சொல்ல வேண்டும், விடையை வேறொரு பதிவகத்தில் இறக்க வேண்டும். இப்படிச் செயலிக் கடிகாரத்தின் ஒரு துடிப்பில் நடக்க வேண்டியவற்றைச் சொல்லும் பிட்டுகளின் தொகுதிதான் நுண்கட்டளை. நுண்கட்டளைகள் செயலிக்குள்ளேயே ஒரு தனி நினைவகத்தில் எழுதப்பட்டிருக்கும். ஒரு கட்டளைக்குரிய நுண்கட்டளைகளின் வரிசை நுண்நிரல்; இவை எல்லாம் சேர்ந்ததே மைக்ரோகோடு.

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டைக்கு அருகிலுள்ள தாயில்பட்டியில் சரவெடி பின்னிய கைகளுக்கு இதில் பாதி தெரிந்த விஷயம். வெடிகளின் சிறு திரிகளை நடுத்திரியோடு பின்னிவிட்டால், பின்னிய வரிசையிலேயே நெருப்பு போகும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தடைசெய்துவிட்டது. ஆனாலும் வானில் வெடிக்கும் பல ஷாட் பெட்டிகளில் குழாய்க்குக் குழாய் திரி ஓடுவது இதே கணக்குதான். வரிசை முழுவதும் பற்றவைப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. மறு பாதி திரியில் கிடையாது. ஐந்தாவது வெடி நமுத்திருந்தால் இரண்டாவதற்குத் திரும்பிப் போக நெருப்புக்குத் தெரியாது. இதுவரை எத்தனை வெடித்தன என்ற எண்ணிக்கையும் அதனிடம் இல்லை. கட்டுப்பாட்டுப் பகுதியின் வரிசையாக்கியோ, முந்தைய படியில் நடந்ததைப் பார்த்துவிட்டு அடுத்த படியைத் தேர்ந்தெடுக்கிறது. இந்தத் தேர்வுதான் இந்த நுட்பத்தின் உயிர்நிலை.

அடுத்த நுண்கட்டளையின் முகவரி எங்கிருந்து வருகிறது என்பதே வரிசையாக்கியின் முன்னுள்ள ஒரே கேள்வி. ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம் 2910 என்ற வரிசையாக்கிச் சில்லு இதற்கு நான்கு வழிகள் வைத்திருந்தது. முதல் வழி, இருக்கும் முகவரியோடு ஒன்றைக் கூட்டுவது. திரி போகும் வழி இதுதான். இரண்டாவது, வெளியிலிருந்து வரும் முகவரிக்குத் தாவுவது. செயலிக்குப் புதிய கட்டளை வந்ததும் அதன் குறியீட்டைக் கொண்டு உரிய நுண்நிரலின் தொடக்கத்தைப் பிடிப்பது இந்த வழியில்தான். மூன்றாவது, உள்ளேயே உள்ள ஒரு பதிவகம். சுற்றுகளை எண்ணும் வேலையையும் அது செய்யும். நான்காவது, துணைநிரலை முடித்துக்கொண்டு வந்த இடத்துக்குத் திரும்பும் முகவரிகளின் அடுக்கு. 12 பிட் முகவரி கொண்ட இந்தச் சில்லால் 4096 நுண்கட்டளைகள் வரை ஆள முடிந்தது.

தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர்கள் ஆய்வகத்தில் பழகிய இன்டெல் 8086 செயலியை எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். 1978-இல் வெளிவந்த இந்தச் செயலியின் மைக்ரோகோடு, ஒவ்வொன்றும் 21 பிட் அகலமுள்ள 512 நுண்கட்டளைகளில் அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு நுண்கட்டளையின் ஒரு பகுதி ஓரிடத்து எண்ணை இன்னோரிடத்துக்கு நகர்த்தும். மறு பகுதி கணக்குக்கு ஆயத்தம் செய்யும், அல்லது தாவும், அல்லது நினைவகத்தைத் தொடும். இதில் பெருக்கல் நடக்கும் விதம் பார்க்கத் தக்கது. பெருக்குவதற்கென்று தனிச் சுற்றமைப்பு கிடையாது. ஒரு எண்ணின் கடைசி பிட்டை வெளியே தள்ளிப் பார்க்கிறது நுண்நிரல். அது 1 என்றால் மற்ற எண்ணைக் கூட்டுகிறது, 0 என்றால் கூட்டாமல் தாண்டுகிறது. பிறகு எல்லாவற்றையும் ஓரிடம் வலப்பக்கம் நகர்த்தி, எண்ணியில் ஒன்றைக் குறைத்து, மீண்டும் தொடக்கத்துக்கு வருகிறது. 16 பிட் எண்ணுக்கு இப்படி 16 சுற்று. பதிவகங்களுக்கிடையே நடக்கும் 16 பிட் பெருக்கலுக்கு 118 முதல் 133 துடிப்புகள் என்று இன்டெல் கையேடு ஒரு வீச்சாகச் சொல்வதற்குக் காரணம் இந்தத் தாண்டல்தான்: 1கள் கூடினால் கூட்டல்களும் கூடுகின்றன. சிக்கனத்துக்காக 8086-இல் திரும்பும் முகவரிக்கு ஒரே இடம்தான் விட்டிருந்தார்கள். அதனால் அதன் துணைநிரல் இன்னொரு துணைநிரலை அழைக்க முடியாது.

இந்த யோசனையை முன்வைத்தவர் கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ். 1951-இல் மான்செஸ்டரில் நடந்த மாநாட்டில், இரண்டு டையோடு அணிகளால் ஆன கட்டுப்பாட்டுப் பகுதியை அவர் விவரித்தார். ஓர் அணி இப்போது செய்ய வேண்டியதைச் சொல்லும், மற்றது அடுத்த முகவரியைச் சொல்லும். 1958-இல் இயங்கத் தொடங்கிய எட்சாக் 2 இம்முறையில் கட்டப்பட்டது. வணிக உலகில் இதை நிலைநாட்டியது ஐபிஎம் 1964-இல் அறிவித்த சிஸ்டம்/360 வரிசை. விலையிலும் வேகத்திலும் வெகுவாக வேறுபட்ட எந்திரங்கள் ஒரே கட்டளைத் தொகுதியைப் புரிந்துகொண்டன. பெரும்பாலானவற்றில் அதைச் சாதித்தது மைக்ரோகோடு. மாடல் 30-இல் அது துளையிட்ட பிளாஸ்டிக் அட்டைகளில் இருந்தது. பிழை தெரிந்தால் அட்டையை உருவிப் புதியதைச் செருகலாம்.

1973-இல் சென்னை ஐஐடியில் நிறுவப்பட்ட ஐபிஎம் 370/155, சிஸ்டம்/360 வரிசைக்கு அடுத்த தலைமுறை. அதுவும் மைக்ரோகோடால் இயங்கிய எந்திரமே. 1401 போன்ற பழைய ஐபிஎம் கணினிகளுக்கு எழுதிய நிரல்களையும் ஓட்டும் வசதி அந்த மாடலுக்கு உண்டு. வேறொரு எந்திரமாக நடிப்பது என்பது, கட்டளைக் குறியீட்டை வேறொரு நுண்நிரலின் முகவரிக்கு அனுப்புவதுதான்.

அட்டையை மாற்றும் பழைய வழக்கம் இன்று மென்பொருளாகத் தொடர்கிறது. இன்டெல் 1995-இல் வெளியிட்ட பென்டியம் புரோவிலிருந்து, கணினியைத் தொடங்கும்போதே திருத்திய நுண்கட்டளைகளைச் செயலிக்குள் ஏற்ற முடிகிறது. 2018 தொடக்கத்தில் ஸ்பெக்டர் பாதுகாப்புக் குறை வெளியானபோது இன்டெல் அனுப்பிய மாற்றங்களில் ஒரு பகுதி இவ்வழியில்தான் வந்தது.

அதே ஆண்டில் சென்னை ஐஐடியில் வீ. காமகோடி குழுவின் சக்தி செயலி சில்லு வடிவம் பெற்றது. அது பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைகள் எளிமையானவை. பெரும்பாலானவற்றை நேரடிச் சுற்றமைப்புகளாலேயே நடத்திவிடலாம். ஆகவே சக்தியில் மைக்ரோகோடு இல்லை. வகுத்தல் போலப் பல துடிப்புகள் பிடிக்கும் வேலைக்கு மட்டும், எத்தனையாவது சுற்று என்று நினைவில் வைத்துக்கொள்ளும் சிறு சுற்றமைப்பு போதும்.