வராதவரின் குரல்

கூட்டத்திற்கு நேரில் வர இயலாதவரும் அதில் உண்மையாகவே பங்கு பெற முடியுமா என்னும் வினாவை, 2020-இல் பரவிய கொரோனாத் தொற்று உலகெங்கும் எழுப்பிற்று. அன்பியக் கூட்டம் முதல் நாடாளுமன்றம் வரை, சிலர் மண்டபத்திலும் சிலர் திரையிலுமாக அமர்ந்தனர். கருவி புதிது, வினா மிகப் பழையது. ஐந்தாம் நூற்றாண்டில், இரண்டே ஆண்டு இடைவெளியில் கூடிய இரு சங்கங்கள் இவ்வினாவுக்கு நேரெதிரான இரு விடைகளைத் தந்தன. இரண்டிற்கும் வராதவர் ஒருவரே; அவர் அனுப்பிய மடலும் ஒன்றே.

அவர், நம் முன்னோர் பெரிய சிங்கராயர் என அழைத்த திருத்தந்தை முதலாம் லியோ. கான்ஸ்டான்டிநோபிள் நகர்த் துறவி யூத்திகஸ் என்பார், மனுவுருவானபின் கிறிஸ்துவிடம் ஒரே இயல்புதான் உண்டு எனப் போதித்தார். அந்நகர் ஆயர் பிளாவியன் அவரைக் கண்டித்தார். பேரரசர் இரண்டாம் தெயோதோசியுஸ் துறவியின் பக்கம் சாய்ந்து, 449 ஆகஸ்டில் எபேசு நகரில் சங்கம் கூட ஆணையிட்டார். அழைப்பு காலந்தாழ்ந்தே ரோமையை அடைந்தது. ரோமை ஆயர் இத்தகைய சங்கங்களுக்கு நேரில் செல்லும் வழக்கமும் இல்லை. எனவே லியோ, ஜூன் 13 எனத் தேதியிட்டுப் பிளாவியனுக்கு நீண்டதொரு மடல் வரைந்தார். கிறிஸ்து ஒருவரே, அவரில் இறை இயல்பும் மனித இயல்பும் தத்தம் தன்மை குன்றாது இணைந்துள்ளன என்பது அதன் சாரம். பதிலாளர்களும் எபேசுக்குப் புறப்பட்டனர்.

சங்கத்திற்குத் தலைமை தாங்கியவர் அலெக்சாந்திரிய ஆயர் தியோஸ்கோருஸ். ரோமைப் பதிலாளர்கள் மடலை வாசிக்குமாறு வேண்டினர். தலைவர் மறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மடல் பெற்றுக்கொள்ளப்படட்டும் என்றார். உடனே அலுவலர் ஒருவர் எழுந்து, பேரரசரின் கடிதமொன்று தம்மிடம் உள்ளதென்றார். முதலில் அது வாசிக்கப்படட்டும் என்றார் எருசலேம் ஆயர் யுவெனால். அதன்பின் வேறு அலுவல், பின்னர் மற்றொன்று. மடலின் முறை வரவேயில்லை. பதிலாளர்களுக்கோ கிரேக்கம் தெரியாது. சுற்றிலும் நடப்பதை மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே அறிந்தனர். பிளாவியன் பதவி நீக்கப்பட்டபோது திருத்தொண்டர் இலாருஸ் 'எதிர்க்கிறேன்' என்னும் பொருளில் இலத்தீனில் ஒரே ஒரு சொல்லைக் கூவினார். கிரேக்க நடவடிக்கைக் குறிப்பு அந்த இலத்தீன் ஒலியைக் கிரேக்க எழுத்தில் அப்படியே பதிந்து வைத்திருக்கிறது. குறிப்பெழுதியவர்களில் ஒருவரேனும் நேர்மையானவராய் இருந்திருக்கிறார்! மற்றவர்க்கு அந்த வாய்ப்பில்லை. எபேசு ஆயர் ஸ்தேவானின் எழுத்தர்களுடைய பலகைகள் அழிக்கப்பட்டன, அவர்கள் விரல்களை முறிக்க முற்பட்டனர் என்பது பின்னர் வெளிவந்த சாட்சியம். பிளாவியன் விரைவில் இறந்தார். இலாருஸ் தப்பி ரோமை சேர்ந்து, 461-இல் தாமே திருத்தந்தையானார். லியோ அக்கூட்டத்திற்கு இட்ட பெயர் கள்வர் கூட்டம்.

450-இல் பேரரசர் குதிரையிலிருந்து விழுந்து மாண்டார். அடுத்து வந்த மார்சியான், 451 அக்டோபர் 8 அன்று கல்செதோன் நகர்ப் புனித யூபேமியா ஆலயத்தில் புதிய சங்கத்தைக் கூட்டினார். ஆயர்கள் 630 பேர் என மரபு கூறும். ஏறத்தாழ 370 என்பர் இன்றைய ஆய்வாளர். லியோ இம்முறையும் வரவில்லை. மேற்கிலிருந்து வந்தவர்கள் அவருடைய பதிலாளர்களும் ஆப்பிரிக்க ஆயர் இருவருமே. ஆயினும் அமர்ந்த முறை மாறியிருந்தது. வழக்காடும் இரு தரப்பாரும் இருபுறம். நடுவே அரசு ஆணையர்கள். பதிலாளர் பஸ்காசினுஸ் இலத்தீனில் பேச, அது உடனுக்குடன் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டது. எபேசின் நடவடிக்கைக் குறிப்பு முழுவதும் உரக்க வாசிக்கப்பட்டது. வாசிக்க வாசிக்க, அன்று கையொப்பமிட்டவர்கள், வெற்றுத்தாளில் ஒப்பமிடச் செய்தனர் எனக் கதறினர். சிலர் இருக்கையை விட்டெழுந்து எதிர்ப்புறம் சென்றமர்ந்தனர். அவர்களுள் யுவெனாலும் ஒருவர். கூச்சல் மிகுந்தபோது, இது ஆயர்களுக்கு அழகன்று என ஆணையர்கள் கடிந்துகொண்டனர்.

அக்டோபர் 10 அன்று லியோவின் மடல் கிரேக்க மொழிபெயர்ப்பில் வாசிக்கப்பட்டது. பேதுருவே லியோ வழியாகப் பேசினார் எனச் சங்கம் ஆர்ப்பரித்ததை நாம் குருமடத்தில் பெருமையுடன் படித்தோம். அடுத்து நடந்ததை அவ்வளவாகப் படிக்கவில்லை. இல்லிரிய, பாலஸ்தீன ஆயர்கள் மடலின் மூன்று பகுதிகளைச் சுட்டி ஐயம் எழுப்பினர். ஒவ்வொன்றுக்கும் இணையாகப் புனித சிரிலின் எழுத்துகள் எடுத்துக்காட்டப்பட்டன. அப்போதும் நிறைவின்றி, ஒப்பிட்டுப் பார்க்க அவகாசம் கேட்டனர். ஐந்து நாள் தரப்பட்டது. கான்ஸ்டான்டிநோபிள் ஆயர் அனத்தோலியுஸின் இல்லத்தில் பதிலாளர்கள் ஐயங்களைத் தெளிவித்தனர். அக்டோபர் 17 அன்று ஆயர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து, மடல் நிசேயா விசுவாசத்தோடு ஒத்திருப்பதாகத் தத்தம் சொற்களில் அறிவித்தனர். வராதவரை மதித்தல் என்பது அவரை வாழ்த்தி முழங்குவதன்று. அவர் சொல்லைச் சோதித்துப் பார்ப்பதே என்பது என் கருத்து.

அதே நாளில் நடந்த இன்னொன்றும் நெஞ்சைத் தொடுவது. எகிப்திய ஆயர் பதின்மூவர் மடலில் ஒப்பமிட மறுத்தனர். தியோஸ்கோருஸ் நான்கு நாள்முன் பதவி இழந்திருந்தார். புதிய தலைமை ஆயர் இன்றித் தாங்கள் ஒப்பமிட்டால் நாடு திரும்பியதும் கொல்லப்படுவோம் என்று தரையில் விழுந்து மன்றாடினர். சங்கத்தார் சினந்தனர். ஆணையர்களோ, புதிய தலைமை ஆயர் தேர்வாகும் வரை அவர்கள் தலைநகரிலேயே காத்திருக்கட்டும் என்றனர். நேரில் அமர்ந்திருந்தும் வாய்திறக்க இயலாதவர் உண்டு என்பதை அவ்வலுவலர்கள் உணர்ந்திருந்தனர்.

கல்செதோனும் குறையற்றதன்று. இறுதியில் கான்ஸ்டான்டிநோபிளின் சிறப்புரிமை பற்றிய தீர்மானம் எழுந்தபோது, இதற்குத் தங்களுக்கு ஆணை இல்லை எனப் பதிலாளர்கள் விலகினர். அவர்கள் இல்லாமலேயே அது நிறைவேறியது. மறுநாள் ஆட்சேபித்தும் பயனில்லை; 452-இல் லியோ அதை ஏற்க மறுத்தார். எதிர்பாராத பொருள் எழுந்தால் பதிலாள் ஊமையாகிவிடுகிறான்.

இக்காலத்திலும் இதைக் கண்டோம். 2020 ஏப்ரல் 22 அன்று பிரித்தானிய மக்களவை, மண்டபத்தில் 50 பேரும் திரையில் 120 பேர் வரையுமாகக் கூடிற்று. அடுத்த மாதம் தொலைவிலிருந்து வாக்களிக்கவும் வழி செய்தது. ஆனால் ஜூன் 2 அன்று, இவ்வழியை மீட்பதா விடுவதா என்னும் வாக்கெடுப்பு நேரில் வந்தோர்க்கு மட்டுமே நடந்தது. உறுப்பினர் நீண்ட வரிசையில் நின்று வாக்களித்தனர். நோய் காரணமாக வீட்டிலிருந்தோர் தங்கள் உரிமையைப் பற்றிய முடிவிலேயே வாக்களிக்க இயலவில்லை. பதிலாள் வாக்கு அவர்களுக்குச் சில நாட்களுக்குப் பின்னரே விரிவாக்கப்பட்டது. தியோஸ்கோருஸ் அறிந்த நுட்பம்தான் இதுவும்: எதை, எப்போது, யார்முன் எடுப்பது என்பதைத் தீர்மானிப்பவரே கூட்டத்தைத் தீர்மானிக்கிறார்.

கல்செதோனுக்கு மடலும் அனுப்ப இயலாதவர் இருந்தனர். அதே 451-இல் ஆர்மீனியர், தம் விசுவாசத்திற்காகப் பாரசீகப் பேரரசை எதிர்த்து அவராயிர் களத்தில் போரிட்டனர். தளபதி வர்தான் மாமிகோனியான் அங்கே மாண்டார்.  தாங்கள் பங்கு பெறாத அச்சங்கத்தை ஆர்மீனியத் திருச்சபை ஏற்கவேயில்லை. எகிப்தின் கோப்தியரும், நம் அண்டையிலுள்ள மலங்கரை ஆர்த்தடாக்ஸ் மக்கள் சார்ந்த சிரிய மரபும் அவ்வாறே பிரிந்து நின்றன. 1973-இல் ஆறாம் பவுலும் கோப்தியத் திருத்தந்தை மூன்றாம் செனூடாவும் ஒரே கிறிஸ்தியல் அறிக்கையில் ஒப்பமிட்டனர். ஆர்மீனியத் தலைவர் முதலாம் கரேக்கின், ரோமையில் இரண்டாம் யோவான் பவுலோடு அமர்ந்து பொது அறிக்கையில் ஒப்பமிட்டது 1996 டிசம்பர் 13 அன்று. கல்செதோன் கூடி 1545 ஆண்டுகள் கழித்து.