கூப்பன் தைத்த கவுன்

1940-களின் பிரிட்டிஷ் பெண்களைக் கறுப்பு வெள்ளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஒடுங்கிய பாவாடை, மடிப்பு குறைந்த கவுன், ஒன்றிரண்டு பொத்தான்கள். இன்று 'விண்டேஜ்' என்று நாம் ரசிக்கும் இந்த அழகுக்குக் காரணம் நாகரிகம் மட்டுமல்ல, பற்றாக்குறையும்தான்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்கு உணவு கொண்டுவந்த கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. 1940 ஜனவரி 8-இல் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் வந்தது. 1941 ஜூன் 1-இல் துணிக்கும் வந்தது. முதல் ஆண்டில் பெரியவர் ஒருவருக்கு 66 கூப்பன்கள். ஒரு கம்பளி கவுனுக்கே 11 போய்விடும். ஆண்களின் முழு சூட்டுக்கு 26. கையில் காசிருந்தாலும் கூப்பன் இல்லாவிட்டால் துணி கிடையாது. 1942-இல் பொத்தான்களுக்கும் மடிப்புகளுக்கும்கூட அரசு வரம்பு விதித்தது.

சமையலறையிலும் இதே கதைதான். ஒரு கட்டத்தில் வாரத்துக்கு ஒருவருக்கு ஒரு முட்டை, சுமார் 57 கிராம் வெண்ணெய். ரேஷனில் வராத உருளைக்கிழங்கும் காரட்டும்தான் வயிற்றை நிரப்பின. உணவு அமைச்சர் வுல்டன் பிரபுவின் பெயரால் இறைச்சியே இல்லாத ஒரு காய்கறிப் பண்டம் பிரபலமானது.

1943-இல் பழந்துணியைத் தைத்து உடுத்தச் சொல்லி அரசு கையேடே வெளியிட்டது. கணவரின் பழைய சூட் மனைவியின் உடுப்பானது. தொழிற்சாலையில் உழைத்துவிட்டு, கடை வரிசையில் நின்று, இரவில் கிழிசல் தைத்தவர்களும் பெண்களே.

போர் 1945-இல் முடிந்தது. ஆனால் துணி ரேஷன் 1949 வரையும், உணவு ரேஷன் 1954 ஜூலை 4 வரையும் நீடித்தன. அடுத்த முறை அந்தக் கவுனை ரசிக்கும்போது, அதைத் தைத்த கைகளையும் நினைத்துப் பார்ப்போம்.