வட்டக்கோட்டையும் கல்வினைஞர் வரலாறும்

கன்னியாகுமரிக்கு வடகிழக்கே ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவில், கடலையொட்டி நிற்பது வட்டக்கோட்டை. 1741-இல் குளச்சற்போரில் சிறைப்பட்டுப் பின்னர்த் திருவிதாங்கூர்ப் படைத்தலைவரான டச்சுப்படை வீரர் டிலனாய், மார்த்தாண்டவர்மர் (1729–1758) காலத்தே இதனைக் கருங்கல்லால் வலுப்படுத்தினார் என்பர். ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து நீண்ட அரண்வரிசையின் கடல்முனை இதுவே. அரசரையும் தலைவரையும் அறிவோம். பாறை பிளந்து கல் தந்தோர் யாவர்? இவ்வினாவுக்கு விடைகாணும் நெறியையே ஈண்டு ஆராய்கின்றோம்.

கோட்டைச் சுவரில் மீனுருவங்கள் காணப்படுதலின், முதலிற் கட்டியோர் பாண்டியரே என்பர் ஒருசாரார். இம்முடிபை நாம் உடன்படுதல் அரிது. கயல் பாண்டியர் இலச்சினை என்பது உண்மையே. ஆயினும் செதுக்கிய கல் இடம்பெயர்வது. பழங்கட்டடக் கற்களைப் புதுச்சுவரில் வைத்துக் கட்டுதல் தமிழகமெங்கும் காணப்படும் வழக்கு. மேலும், மீன் கடற்கரை மக்களின் அன்றாடக் காட்சி. அதனைச் செதுக்க அரசாணை வேண்டுவதில்லை. எனவே மீனுருவம் தனித்து நின்று காலத்தை நிறுவாது.

இதனினும் வலிய சான்று ஆப்புக்குழியாகும். பாறையில் வரிசையாகக் குழிகள் வெட்டி, ஆப்பு இறுக்கிப் பிளப்பது பழைய தொழில்முறை. பிளந்த கல்லின் விளிம்பில் குழியின் ஒரு பாதியும், தாய்ப்பாறையில் மறுபாதியும் தங்கும். குழிகளின் அகலம், ஆழம், இடைவெளி ஆகியவற்றை அளந்து, கல்லின் நிறத்தோடும் மணியமைப்போடும் ஒப்பிட்டால், எக்கல்வெட்டாங்குழிக் கல் எச்சுவரை அடைந்தது என்பதை உய்த்துணரலாம்.

இவ்வட்டாரத்தில் கல்வினை மரபு இன்றும் அறாது வாழும் ஊர் மயிலாடி. அதன் கல்தச்சர் மரபைச் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிற்பணியோடு இணைத்துக் கூறுவர். ஆரல்வாய்மொழி அரண் ஆங்கிலேயர் வசமான 1809-ஆம் ஆண்டிலேயே, ரிங்கல்தௌபே பாதிரியார் மயிலாடியில் கிறித்தவக் கோயில் எழுப்பினார். அரண் வீழினும் சமயம் மாறினும் உளியின் பணி ஓய்ந்திலது. ஆட்சியாண்டுகளால் மட்டும் வகுக்கப்படும் வரலாறு இத்தொடர்ச்சியைக் காணாது.

கோட்டை தொல்லியல் துறையின் காப்பில் உள்ளது. பழைய கல்வெட்டாங்குழிகளோ வெறும் பள்ளங்களாகவே எண்ணப்படுகின்றன. வெடியும் எந்திரமும் ஒரு பாறைமுகத்தை அகற்றும்பொழுது, ஆப்புக்குழியின் மறுபாதியும் அழிகின்றது. பின்னர்ச் சுவரிலுள்ள பாதிக்கு ஒப்பீடு இல்லை. ஆதலின், கல்வெட்டுப் படியெடுக்கும் மாணாக்கர், எழுத்தில்லாத இப்பாறைகளையும் அளந்து படமெடுத்துப் பதிதல் வேண்டும். தம் பெயரை எழுதிவையாத வினைஞர் விட்டுச்சென்ற கையெழுத்து அஃதொன்றே.