வாக்கும் அதன் அளவையும்

மக்களாட்சி என்றதும் எமது மனக்கண்ணில் முதலில் தோன்றுவது வாக்குப் பெட்டியே. வரிசையில் நின்று, சீட்டில் அடையாளமிட்டு, அதனைப் பெட்டியிற் சேர்த்துவிட்டால் எமது கடமை முடிந்தது என்ற நிறைவோடு வீடு திரும்புகின்றோம். களத்தில் நெல்லைக் குவித்த கமக்காரனோ அவ்வளவில் நின்றுவிடுவதில்லை. அளக்கும் கொத்து சரியானதா, அளப்பவர் யார், அளப்பதற்கு முன்னரே கழிந்துபோனது எவ்வளவு என்று கேட்டறிந்த பின்னரே அவன் களத்தைவிட்டு அகல்வான். வாக்கின் விடயத்திலும் இக்கேள்விகள் எழுதல் வேண்டும். வாக்கு அளிக்கப்படுவது ஒரு நாளில். அதன் பெறுமதியோ அந்நாளுக்கு நெடுங்காலம் முன்னரே சட்டத்தினாலும் பணத்தினாலும் நிர்ணயிக்கப்பட்டுவிடுகின்றது. இவ்வுண்மையை எமது நாட்டின் வரலாறே தெளிவாகக் காட்டுகின்றது. அதனை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். கட்சி பேசுவது எமது நோக்கமன்று. கணக்குப் பார்ப்பதே நோக்கம்.

1833ஆம் ஆண்டில் இலங்கையிற் சட்டநிரூபண சபை அமைந்தபோது தேர்தல் என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. உத்தியோகப் பற்றற்ற உறுப்பினர் அறுவரையும் தேசாதிபதியே நியமித்தார். அவர்களுள் ஐரோப்பியர் மூவர். சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்கு ஒவ்வொருவர். கையளவு தொகையினரான ஐரோப்பியருக்கு மூன்று இடமும், இந்நாட்டின் மக்கள் திரளுக்கு எஞ்சியதும் என்பதே அன்றைய அளவை. 1911ஆம் ஆண்டின் முடிவில் ‘படித்த இலங்கையர்’ தொகுதிக்கு முதற் தேர்தல் நடைபெற்றது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் சேர் மாக்கஸ் பெர்னாண்டோவை வென்று சபை புகுந்தார். அவ்வெற்றியைப் பெருமையோடு பேசுகின்றோம், பேசவும் வேண்டும். எனினும் நாடு முழுவதிலும் அத்தேர்தலில் வாக்குரிமை பெற்றிருந்தோர் ஏறத்தாழ 3,000 பேரே என்பதனையும் உடன் நினைத்தல் தகும். கல்வியும் சொத்தும் உடைய ஆண்மகனுக்கே அன்று வாக்கு உரியதாயிருந்தது.

டொனமூர் ஆணைக்குழுவினர் இங்கு வந்த காலத்திலும் நூற்றுக்கு நான்கு பேரே வாக்காளர். ஏ. ஈ. குணசிங்கா தலைமையிலான தொழிலாளர் இயக்கம் யாவருக்கும் வாக்குரிமை வேண்டுமென்றது. 1927இல் அமைந்த மாதர் வாக்குரிமைச் சங்கம் பெண்களுக்காக வாதாடியது. இராமநாதன் உட்பட அக்காலப் பெருந்தலைவர் பலர் இதனை விரும்பவில்லை. எழுத்தறியாதார் கையில் வாக்கைக் கொடுத்தல் நாட்டுக்குக் கேடு என அவர்கள் அஞ்சினர். ஆயினும் 1931ஆம் ஆண்டில் இருபத்தொரு வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது. வாக்காளர் தொகை பதினைந்து இலட்சத்தையும் தாண்டியது. பிரித்தானியப் பெண்கள் ஆண்களோடு சமமான வாக்குரிமை பெற்று அப்பொழுது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. பிரான்சு நாட்டுப் பெண்கள் 1944 வரை காத்திருக்க நேர்ந்தது. எழுத்தறியாதார் தம் அபேட்சகரை இனங்காணும்பொருட்டு வாக்குப் பெட்டிகளுக்கு நிறங்கள் பூசப்பட்டன.

வாலிபர் சங்க மலரொன்றில் யாழ்ப்பாண வாலிப காங்கிரசைக் குறிப்பிடாமற் செல்லுதல் முறையன்று. டொனமூர்த் திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை என்ற காரணத்தால் ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் 1931ஆம் ஆண்டுத் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி மக்களை வேண்டினர். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. கொள்கை தூயது; அதனை மறுப்பாரில்லை. ஆயினும் 1934இல் இடைத்தேர்தல்கள் நடைபெறும்வரை, மூன்றாண்டுகளாகக் குடாநாட்டின் ஆசனங்கள் வெறுமையாகவே கிடந்தன. சபை எமக்காகக் காத்திருக்கவில்லை. நியாயமற்ற அளவையை எதிர்ப்பது ஒன்று. அளக்கும் இடத்தினின்றே விலகிவிடுதல் வேறொன்று. இவ்விரண்டுக்குமிடையே உள்ள வேறுபாட்டை அந்த மூன்றாண்டுகள் எமக்குக் கற்பித்தன.

சோல்பரித் திட்டம் வந்தபோது அளவையைப் பற்றிய விவாதம் கூர்மையடைந்தது. ஜீ. ஜீ. பொன்னம்பலம் முன்வைத்த ‘ஐம்பதுக்கு ஐம்பது’ கோரிக்கை ஏற்கப்படவில்லை. அதற்கு ஈடாக, 75,000 மக்களுக்கு ஓர் ஆசனமும், 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனமும் என்ற கணக்கு வகுக்கப்பட்டது. குடித்தொகை குறைந்து நிலப்பரப்பு மிகுந்த வடக்குக் கிழக்கு மாகாணங்களில் வாழும் சிறுபான்மையோருக்கு இது துணைபுரியும் என்பது எண்ணம். 1947ஆம் ஆண்டின் 95 ஆசனங்களில் வட மாகாணம் ஒன்பதையும் கிழக்கு மாகாணம் ஏழையும் பெற்றன.

இக்கணக்கின் மறுபக்கத்தை மலையகத்திற் காண்கின்றோம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தற் திருத்தச் சட்டமும் இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரின் வாக்கைப் பறித்தன. 1947இல் மலையகத் தொகுதிகளில் வென்ற இலங்கை இந்தியன் காங்கிரஸ் 1952இல் ஓர் ஆசனமும் பெறவில்லை. விந்தை யாதெனில், ஆசனங்களைப் பங்கிடும்போது வாக்காளரை அன்றிக் குடிசனத்தையே எண்ணினர். எனவே வாக்கிழந்த தொழிலாளியின் தலை கணக்கிற் சேர்ந்தது. அவன் கைமட்டும் சேரவில்லை. அவன் பெயரால் கூடிய ஆசனங்களுக்கு வேறொருவர் வாக்களித்தனர். எஸ். தொண்டமான் 1977ஆம் ஆண்டிலேயே மீண்டும் தேர்தலில் வென்று பாராளுமன்றம் புகுந்தார். நாடற்றோர் பிரச்சினை தீர்வதற்கு 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இனி, வாக்குரிமை உடையோரின் வாக்குகளேனும் நேரிய முறையில் அளக்கப்பட்டனவா எனப் பார்ப்போம். தொகுதியில் முதல்வராய் வருபவரே வென்றவர் என்பது 1977 வரை நிலவிய முறை. 1956இல் ஐக்கிய தேசியக் கட்சி நூற்றுக்கு 27க்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றும் எட்டு ஆசனங்களையே கண்டது. அதே தேர்தலில் இலங்கைத் தமிழரசுக் கட்சி நூற்றுக்கு ஐந்தளவு வாக்குகளோடு பத்து ஆசனங்களை வென்றது. ஒன்றின் வாக்குகள் நாடெங்கும் சிதறிக் கிடந்தன. மற்றதன் வாக்குகள் ஓரிடத்தில் திரண்டிருந்தன. 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி நூற்றுக்கு 37.9 வாக்குகளைப் பெற்று 17 ஆசனங்களோடு நின்றது. அதனினும் குறைந்த வாக்குகள் பெற்ற ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சிக்கு 91 ஆசனங்கள் கிடைத்தன. அக்கட்சி தன் தோழமைக் கட்சிகளுக்குச் சில தொகுதிகளை விட்டுக்கொடுத்தமையும் இதற்கு ஒரு காரணம். அவ்வாறாயினும் ஐக்கிய முன்னணி முழுவதும் பெற்ற வாக்குகள் பாதிக்குச் சற்றுக் குறைவே. ஆசனங்களோ 151இல் 116. 1977இல் சக்கரம் மறுபுறம் சுழன்றது. பாதிக்குச் சற்று மேற்பட்ட வாக்குகளால் ஐக்கிய தேசியக் கட்சி 168இல் 140 ஆசனங்களைக் கைப்பற்றியது. நூற்றுக்கு ஏறத்தாழ முப்பது பெற்ற சுதந்திரக் கட்சிக்கு எட்டு ஆசனங்கள். ஏழுக்கும் குறைவாகப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணிக்குப் பதினெட்டு ஆசனங்கள். எதிர்க்கட்சித் தலைவர் பதவி அ. அமிர்தலிங்கத்துக்கு.

இவை வெறும் எண்கள் என்று தள்ளிவிடலாகாது. 116 ஆசனங்களின் பலத்திலேயே 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு இயற்றப்பட்டது. சிறுபான்மையோருக்குக் காப்பாயிருந்த 29ஆம் பிரிவு அதில் இடம்பெறவில்லை. 140 ஆசனங்களின் பலத்திலே 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு எழுந்தது. பாதியளவான மக்களின் வாக்கு, நாட்டின் அடிப்படைச் சட்டத்தையே மாற்றும் வல்லமையாக வீங்கிற்று. அளவை பிழைத்தால் அரசே பிழைக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

1978ஆம் ஆண்டின் அமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைக் கொணர்ந்தது. ஆயினும் 1982ஆம் ஆண்டின் சர்வசன வாக்கெடுப்பினால் பழைய பாராளுமன்றத்தின் ஆயுள் நீடிக்கப்பட்டமையின், புதிய முறையில் முதற் பொதுத்தேர்தல் 1989இலேயே நடைபெற்றது. இன்றைய 225 ஆசனங்களுள் 196 மாவட்டங்களின் வாயிலாகவும், 29 தேசியப் பட்டியலின் வாயிலாகவும் நிரப்பப்படுகின்றன. சிதறிய வாக்குகளுக்கும் இம்முறை பெறுமதி தந்தது; இது பெரும் நன்மை. எனினும் இதுவும் குறையற்ற கொத்து அன்று. 2024ஆம் ஆண்டு நவம்பர்த் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களுள் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. அதன் வாக்குகள் நூற்றுக்கு ஏறத்தாழ 25. நூற்றுக்கு 19க்கு மேற் பெற்ற தமிழரசுக் கட்சிக்கு ஓர் ஆசனமே கிடைத்தது. இதில் மோசடி யாதுமில்லை. நூற்றுக்கு ஐந்துக்குக் குறைந்த வாக்குகள் பெற்ற குழுக்கள் கணக்கினின்றும் நீக்கப்படும். முதலிடம் பெற்றவருக்கு ஓர் ஆசனம் தனியே வழங்கப்படும். எஞ்சிய ஐந்தே பங்கிடப்படும். பல குழுக்களாகப் பிரிந்து நின்றோர் தம் வாக்குகளைத் தாமே கழித்துக்கொண்டனர். சட்டம் ஒளிந்திருக்கவில்லை; அதனை வாசித்தோர்தாம் சிலர். மேலும், 2010இல் ஒன்பதாயிருந்த இம்மாவட்டத்தின் ஆசனங்கள் 2015இல் ஏழாகி, 2024இல் ஆறாயின. போரும் புலப்பெயர்வும் வாக்காளர் இடாப்பைச் சுருக்கியதன் பயன் இது.

அளவையை விட்டு இரண்டாவது கேள்விக்கு வருவோம்: தேர்தலில் நிற்பதற்கு என்ன செலவாகும்? தனித்தொகுதிக் காலத்தில் கோப்பாயில் நின்ற அபேட்சகர் கோப்பாயைச் சுற்றி வந்தாற் போதும்; சைக்கிளும் நாலு தொண்டரும் உள்ளவன் துணிந்து நிற்கலாம். அக்காலத்திலும் மோட்டார் வண்டி உடையவருக்கே வாய்ப்பு மிகுதி என்பது உண்மை. 1947இலும் 1952இலும் 1956இலும் வாக்கெடுப்பு பல நாட்களிலே நடைபெற்றமையின், வண்டிகளும் ஆட்களும் தொகுதி விட்டுத் தொகுதி செல்ல இயன்றது. 1960ஆம் ஆண்டு மார்ச்சுத் தேர்தல் ஒரே நாளில் நடைபெற்றதும் அவ்வசதி குன்றியது. ஆயின் இன்று விருப்பு வாக்கு வேண்டி நிற்கும் ஒருவர் நெடுந்தீவு முதற் கிளிநொச்சி வரை தம் பெயரையும் இலக்கத்தையும் பரப்புதல் வேண்டும். வன்னியில் நிற்பவர்க்கு மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் ஒரே களம். அன்றியும் எதிர்க்கட்சியோடு மட்டுமன்றித் தம் கட்சிப் பட்டியலிலுள்ள தோழரோடும் போட்டியிட வேண்டும். சுவரொட்டி, பத்திரிகை, தொலைக்காட்சி யாவும் பணத்தைக் கேட்கின்றன. பணம் இல்லாதவர் பணமுடையாரை நாடுகின்றார். கொடுத்தவர் பின்னர் எதனைக் கேட்பார் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

எமது முன்னோர் இதனைச் சிந்தித்துள்ளனர். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியன. ஓலையிற் பெயரெழுதிக் குடத்திலிட்டுச் சபை வாரியத்தாரைத் தேர்ந்த முறையை அவை கூறுகின்றன. குடவோலைக்குப் பிரசாரச் செலவு இல்லை. எனினும் அதனை மிகைபடப் புகழ்தலும் ஆகாது. கால்வேலி நிலமுடையாரே அங்கு தகுதியுடையோர், ஏழைக்கும் பெண்ணுக்கும் இடமில்லை. நாம் அதனிடம் கொள்ளத்தக்கது வேறொன்று: வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடத்திற் பெயரிடத் தகார் என்ற விதி.

அவ்விதியின் நிழலை 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தற் செலவின ஒழுங்குபடுத்தற் சட்டத்திற் காண்கின்றோம். அபேட்சகர் தம் வரவையும் செலவையும் தேர்தல் முடிவு வெளிவந்து 21 நாட்களுள் அறிவித்தல் வேண்டும் என்று அது விதித்தது. 2024ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என உச்ச எல்லை வகுக்கப்பட்டது. மொத்தம் 186 கோடி ரூபாவுக்கும் மேல்! எல்லை இருப்பது நன்றே. ஆயினும் அவ்வெல்லைவரை செலவிடக்கூடியவர் எத்தனை பேர்? உச்சவரம்பு செல்வனின் கையைச் சற்றுக் கட்டுமேயன்றி, வறியவனின் கையில் ஒரு சதமேனும் வைப்பதில்லை.

மாற்றுவழி தேடும் முயற்சிகளும் நடைபெற்றுள்ளன. 2018ஆம் ஆண்டின் உள்ளூராட்சித் தேர்தலில் வட்டார முறையும் விகிதாசார முறையும் கலந்தன. பெண்களுக்கு நூற்றுக்கு 25 இடம் ஒதுக்கப்பட்டது. ஊரவருக்குத் தம் உறுப்பினர் யாரெனத் தெரிந்தது. செலவும் சுருங்க வழியுண்டாயிற்று. ஆனால் உறுப்பினர் தொகை எண்ணாயிரத்தைக் கடந்தது. பல சபைகளில் எவர்க்கும் பெரும்பான்மையில்லை. மாகாண சபைகளின் கதையோ துயரமானது. 2017இல் முறையை மாற்றச் சட்டம் வந்தது. 2018இல் எல்லை மீள்நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் நிராகரித்தது. அவ்வாண்டில் ஆயுள் முடிந்த வடமாகாண சபைக்குப் பின்னர் பல்லாண்டுகளாகத் தேர்தலே நடைபெறவில்லை. நல்ல கொத்தைத் தேடுகின்றோம் என்று சொல்லி, நெல்லை அளவாமலே களத்தில் நனையவிட்ட கதை அது.

ஆகவே எந்த முறையையும் நாம் மூன்று கேள்விகளால் உரைத்துப் பார்த்தல் தகும். சிறுதொகையினரின் குரலுக்கு அதற்குரிய இடம் உண்டா? வாக்களித்தவன் தன் பிரதிநிதியின் முகத்தை அறிவானா? பணமில்லாத தகுதியுடையான் ஒருவன் கடன்படாமல் நிற்க இயலுமா? பழைய தொகுதி முறை இரண்டாவதற்கு விடை தந்தது. விகிதாசார முறை முதலாவதற்கு ஓரளவு விடை தந்தது. மூன்றாவதற்கு இந்நாடு இன்னும் விடை காணவில்லை. 1931இல் ஏழைக்கு வாக்களிக்கும் உரிமை கிடைத்தது. அவன் மகனோ மகளோ தேர்தலில் நிற்கும் உரிமை ஏட்டில் மட்டும் இருக்குமாயின், அன்று தொடங்கிய பணி பாதியிலே நிற்கின்றது.

வாலிபர்காள்! எமது சங்கங்களின் விவாத மேடைகளில் எத்தனையோ பொருள்களைப் பேசுகின்றோம். ஆசனம் பங்கிடும் கணக்கையும் ஒரு மாலை கரும்பலகையில் எழுதிப் பார்ப்போம். அபேட்சகர் வீட்டு வாயிலுக்கு வரும்போது, எமக்கு என்ன தருவீர் என்று கேட்பதற்கு முன், உமக்குப் பணம் தந்தவர் யார் என்று கேட்போம். தேர்தல் முடிந்ததும் அவர் கொடுத்த கணக்கைத் தேடி வாசிப்போம். பெரியோர்களே! பகிஷ்கரிப்புக் காலத்து நினைவுகளை உங்கள் பெற்றோர் வாய்க் கேட்டவர்கள் நீங்கள்; அவற்றை இளையோருக்குச் சொல்லி வையுங்கள். அடுத்த முறை இந்நாட்டில் அளவையை மாற்றப் பேச்சு எழும்போது, அது யாருக்குக் கூடும், யாருக்குக் குறையும் என்று கணக்கிட்டுச் சொல்லக்கூடியவர் ஒவ்வோர் ஊரிலும் நால்வரேனும் இருத்தல் வேண்டும்.